சர்க்கரைக்கு எட்டுப் போட்டவர்

'எட்டு வாத்தியார்' என்று ஊர் கூப்பிடுகிறவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் யாரும் லைசென்ஸ் தேர்வில் தோற்றதில்லை. தேர்வு முடிந்த பிறகு அவர்கள் இடிக்காத சுவரும் இல்லை. மைதானத்தில் நட்டிருக்கும் கம்பங்களைச் சுற்றி எட்டுப் போட மட்டும்தான் அவர் சொல்லிக்கொடுப்பார். "அந்தக் கம்பம் கண்ணாடியில தெரிஞ்சதும் ஸ்டியரிங்கை ஒடி. ரோடா? அது லைசென்ஸ் வாங்கினப்புறம் உன் பாடு."

தன் ரத்தத்திடமும் அவர் இதே வித்தையைத்தான் காட்டினார். சர்க்கரை நோய் வந்து வருஷங்களாகிவிட்டன. பரிசோதனை நெருங்கும்போது மட்டும் மனுஷன் துறவியாகிவிடுவார். இனிப்பு கிடையாது, டீ கிடையாது, ராத்திரியில் அரை வயிறு. தூசி படிந்த மாத்திரை டப்பாவுக்கும் அப்போதுதான் விடிவு. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, நல்ல ரிசல்ட் தாளை வாங்கிவந்து, மனைவியின் தையல் மெஷின் மேல் அறைந்து வைப்பார்.

"பாரு. இப்ப என்ன சொல்றே?"

அன்று சாயங்காலமே கிரீம் பன்.

மனைவி வீட்டில் துணி தைப்பவள். அவரோடு பேச்சைக் குறைத்து வெகு நாளாகிறது. பேசினால் கத்தரி வெட்டுகிற சத்தம் கேட்கும்.

"வருஷத்துல ஒரு நாள் குளிச்சிட்டு, நான் எப்பவும் சுத்தம்னு சொல்ற ஆளு நீங்க."

"பட்டன் தைக்கிறவ பட்டனைப் பாரு. டாக்டர் வேலை உனக்கெதுக்கு?"

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், சாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்டூல் மேல் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலது உள்ளங்காலில் ஏதோ மினுங்கியது. அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய குண்டூசிதான். தலைவரைக்கும் இறங்கியிருந்தது. காலையில் வெட்டிப்போட்ட துணிகளின் மேல் வெறுங்காலோடு மிதித்துப் போனாரே, அப்போது ஏறியிருக்க வேண்டும். சாக்ஸில் ரத்தம் காய்ந்து மொடமொடவென்றிருந்தது.

ஊசியைப் பிடுங்கினாள். அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"வலிக்கலையா?"

"என்ன வலிக்கணும்?"

அவள் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பகல் முழுக்க இந்தக் கால்தான் பிரேக்கில் இருந்திருக்கிறது. பழகுகிறவர்கள் தடுமாறினால் மிதிக்க அவர் பக்கம் வைத்த தனி பிரேக். அதை நம்பித்தான் மைதானத்துக்குப் போகிற வழியில், பள்ளிக்கூடத் தெருவில் குழந்தைகள் குறுக்கே ஓடுகின்றன.

மறுநாள் அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். போன வாரம் வாங்கிய நல்ல ரிசல்டைச் சட்டைப் பையில் வண்டிச் சாவியோடு சொருகிக்கொண்டுதான் அவர் வந்தார். டாக்டரம்மா புண்ணைக் கழுவி, ஊசி போட்டு, அந்தத் தாளை ஓரமாகத் தள்ளினார்.

"இது ஒரு காலையில எடுத்த போட்டோ சார். எனக்கு மூணு மாசக் கதை வேணும். இந்த டெஸ்டுக்குப் பட்டினி எல்லாம் வேண்டாம்."

விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் போனார்கள். அது வருவதற்குள் டாக்டரம்மா சொன்னார்: "ரத்தத்துல சிவப்பு அணுன்னு ஒண்ணு இருக்கு. மூணு நாலு மாசம் உயிரோட இருக்கும். சர்க்கரை கூடக் கூட அதுமேல ஒட்டிக்கும். ஒட்டினது, அது சாகுற வரைக்கும் விடாது. ரெண்டு நாள் பட்டினியில அதைக் கழுவ முடியாது."

ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண், பத்தைத் தாண்டி வந்தது.

"மெஷின் கோளாறு," என்றார் வாத்தியார்.

"ஆமா. உலகத்துல நீங்க ஒருத்தர்தான் ரிப்பேர் இல்லாதவர்," என்றாள் மனைவி.

"யார் போட்டுக் குடுத்தது? நீதானே?"

"உங்க ரத்தம்தான்."

டாக்டரம்மா குறுக்கே வந்தார். "ரொம்ப நாள் சர்க்கரை ஏறியிருந்தா நரம்பு கெடும். முதல்ல கால்தான் மரத்துப்போகும். வலிங்கிறது காவல்காரன் மாதிரி. உங்க காலை விட்டு அவன் போயிட்டானான்னு இப்பப் பாப்போம். போயிட்டான்னா, தெரியாமலே புண்ணு வந்து அழுகும், காலையே எடுக்க வேண்டி வரலாம். வண்டியையும் இப்போதைக்குத் தொடக் கூடாது."

மீன்பிடி நரம்பு போல ஒரு நைலான் இழையை எடுத்தார். "இது சின்ன டெஸ்ட். கண்ணை மூடிக்கோங்க. கால்ல படறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க."

டெஸ்ட் என்றதும் வாத்தியார் முகம் தெளிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். டாக்டரம்மா பெருவிரலில் இழை வளையும்படி அழுத்தினார்.

"ம்."

பாதத்தின் நடுவில்.

"ம்."

டாக்டரம்மா மனைவியை ஒரு பார்வை பார்த்தார். இழையை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"ம்," என்றார் வாத்தியார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "ம்." கம்பத்துக்குக் கம்பம் வண்டியை ஒடிப்பதுபோல அளவாக, "ம்." உதட்டில் அந்தப் பழைய சிரிப்பு. தையல் மெஷின் மேல் தாளை அறையும்போது வருமே, அதே சிரிப்பு.

"என்ன டாக்டரம்மா, சத்தத்தைக் காணோம்? பாஸ்தானே?"

மனைவி எழுந்து, அவர் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டாள்.

வாத்தியார் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "ஏய்! அது வண்டிச் சாவிடீ!"

"பரவாயில்லையே," என்று சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இது மட்டும் உடனே தெரியுது."