கப்பல் விரிப்பில் வந்த அம்மை

துணிக்கடையில் புசுபுசுவென்று நூல் குஞ்சம் வைத்த படுக்கை விரிப்பைக் கண்டால் எனக்கு இன்றும் இடது கன்னம் அரிக்கிறது. அதற்கு ஷெனில் என்று பெயராம். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் அது கப்பல் விரிப்பு. எழுபதுகளின் கடைசியில், கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா லீவில் வந்தபோது கொண்டுவந்தது. ரோஸ் நிறம், நடுவில் தோகை விரித்த மயில். கூடவே அதே துணியில், குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ள ஒரு நீள அங்கி. அப்பா அதை ஒரே ஒருநாள் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். "எந்தா சாரே, சுகமில்லே?" என்று பால்காரர் கேட்டதும் அங்கி பீரோவுக்குள் போய்விட்டது. விரிப்பு விருந்தாளிகளுக்கு மட்டும். நாங்கள் தொடவே கூடாது.

ஒருநாள் அக்காவைப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து வருகிறார்கள். எர்ணாகுளத்தில் இறங்கி, மாலைப் படகில் மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு வருவதாக ஏற்பாடு. கல்யாணம் முடிந்தால் படிப்பு போதும் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தார்கள். அக்கா கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

முன்னறைக் கட்டிலில் மயில் விரித்தாயிற்று. சமையலறையில் அம்மா நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, சட்டையில்லாத உடம்போடு மயிலின்மேல் குப்புறப் படுத்தேன். கொஞ்சநேரம் என்றுதான் நினைத்தேன். தூங்கிப்போனேன்.

விழித்து பீரோக் கண்ணாடியைப் பார்த்தால், கன்னத்திலிருந்து தொப்புள் வரை சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். எனக்குப் பக்கத்தில் உட்காரும் பையன் அம்மை கண்டு பள்ளிக்கு வராமலிருந்த வாரம் அது. எந்த அம்மையாவது மயில்தோகை வடிவத்தில் வரிசை பிசகாமல் வருமா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கோலிக்குண்டுகளை யாருக்கு விட்டுச்செல்வது என்று மட்டும் யோசித்தேன். பின்னறைக்கு ஓடி, தலைசீவிக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் போய் நின்றேன்.

அவள் என் கன்னத்தில் ஒரு விரலை வைத்து, புள்ளி வரிசையோடே மெதுவாக ஓட்டினாள்.

"எங்கடா படுத்திருந்தே?"

"கட்டில்ல. அப்பாகிட்ட சொல்லாதேக்கா. நான் செத்துருவேனா?"

"சொல்லல. நீயும் யார்கிட்டயும் சொல்லாதே." சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி உரக்கக் கத்தினாள்: "அம்மா! அடுப்ப அணைங்க! தம்பிக்கு அம்மை போட்டிருக்கு!"

அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி காயக்கூடாது. பழம்பொரி பாதியில் நின்றது. பின்னறை வாசற்படியிலேயே நின்றுவிட்ட அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பி, "தாயே, கோபிக்காதே, குளிர்ந்து போம்மா" என்றாள். என்னை அதுவரை விறகுக்கட்டையோடு மட்டும் அணுகியவள். அவளே கும்பிடுகிறாள் என்றால் கேஸ் முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். அக்கா நெற்றியைத் தொட்டு, "நல்லா சுடுது" என்றாள். உடனே எனக்குச் சுட்டது.

அப்பா படகுத்துறைக்கு ஓடினார். 'அம்மை' என்ற சொல் காதில் விழுந்ததும் பாலக்காட்டுக்காரர்கள் படகைவிட்டு இறங்கவே இல்லையாம். அதே படகில் திரும்பிவிட்டார்கள்.

தனக்குச் சின்னதிலேயே வந்து போய்விட்டதால் தானே பார்த்துக்கொள்வதாக அக்கா சொன்னாள். வேறு யாரும் பின்னறைக்குள் வரக்கூடாது. எனக்கு அந்த அங்கியை மாட்டிவிட்டாள். நான் அதற்குள் எங்கேயோ இருந்தேன். தரையில் கப்பல் விரிப்பை விரித்து, சுற்றிலும் வேப்பிலை போட்டாள்.

"கப்பல் துணிடீ, கறை பட்டுறப் போகுது!" என்றாள் அம்மா வாசலிலிருந்து.

"தம்பியைவிடத் துணி பெரிசா? மெத்துனு இருந்தாத்தான் உடம்பு உறுத்தாது."

நாளெல்லாம் இளநீரும் மோர்ச்சோறும். அம்மா எட்டிப்பார்க்கும் நேரம் நெருங்கினால், "குப்புறப் படுடா, கண்ணு" என்பாள் அக்கா. ஒரு பக்கம் படுத்தால் மறுபக்கம் திருப்பிவிடுவாள். முத்து இன்னும் இறங்கவில்லையே என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு போவாள். என்னால்தானே அக்கா கல்யாணம் நின்றது என்று எனக்கு இளநீர்கூட இறங்கவில்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முந்தின நாள் மத்தியானம், அப்பா வாசலில் நின்று செய்தி சொன்னார்: பாலக்காட்டுக்காரர்கள் வேறு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்களாம். அக்கா சட்டென்று என் பக்கத்தில் விழுந்து, விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். நெடுநேரம் குலுங்கினாள்.

"அழட்டும், விடு," என்று அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அவள் முதுகைத் தடவினேன். "வேற மாப்பிள்ளை வருவாருக்கா. கோலிக்குண்டெல்லாம் நீயே வச்சுக்கோ."

அதைக் கேட்டு இன்னும் பலமாகக் குலுங்கினாள். கடைசியில் தலையைத் தூக்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர். கன்னத்தில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

"அம்மா! அக்காவுக்கும்..."

அவள் கை என் வாயைப் பொத்தியது. "மிண்டாதே! கொன்னுருவேன்."

அன்று முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. தனக்கே அம்மை வந்தும் அதை மறைத்துக்கொண்டு எனக்குப் பணிவிடை செய்கிறாளே என்று நினைக்க நினைக்க, அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.