உச்சிப்புளிக்குப் போன செவ்வாய்க்கிழமைகள்

கமுதிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வேல்ராஜ் தனியாக இருந்தார். வயது ஐம்பத்தாறு. மனைவி மகேஸ்வரி இறந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. மகள் ஜெயசுதா கணவனோடு மஸ்கட்டில் இருந்தாள். மிளகாய் போட்டுவந்த ஆறு ஏக்கரையும் குத்தகைக்கு விட்டுவிட்டார். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவருடைய லாரி நின்றது. முன்பக்கம் மூக்கு நீண்ட, அறுபத்தெட்டாம் வருடத்து வண்டி. இருபது வருடம் மூட்டை ஏற்றி அவரே ஓட்டியது. என்ஜின் வெடிப்பு விட்டதிலிருந்து அசையவில்லை.

போன பொங்கல் கழிந்ததும், வேறு என்ஜின் வைத்து அதை ஓட வைப்பது என்று முடிவெடுத்தார். எதற்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. உச்சிப்புளியில் பட்டறை வைத்திருக்கும் பிரபாகரன் பழைய வண்டிகளில் கெட்டிக்காரன் என்று கேள்விப்பட்டு, லாரியை அங்கே கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்று கிடைத்து, வண்டியில் உட்கார்ந்தும் விட்டது. சிக்கல் மேனிபோல்டில் வந்தது. என்ஜின் கக்கும் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் இரும்புப் பகுதி அது. என்ஜினோடு வந்த மேனிபோல்ட் நேராக ஸ்டியரிங் பெட்டியில் இடித்தது.

“ரெண்டு வழி இருக்குண்ணே,” என்றான் பிரபாகரன். “வேற மாடலோட வார்ப்பிரும்பு மேனிபோல்ட் ஒண்ணு இருக்கு. வாய் பின்னால திரும்பியிருக்கும், இடிக்காது. இல்லாட்டி பைப்பை வளைச்சு நாமளே வெல்டிங் வச்சுக்கிடலாம். யோசிச்சுச் சொல்லுங்க.”

வேல்ராஜ் யோசிக்க ஆரம்பித்தார். செவ்வாய்தோறும் காலையில் கிளம்பி, ராமநாதபுரத்தில் பஸ் மாறி, பத்தரைக்கு உச்சிப்புளியில் இறங்குவார். ஒரு வாரம், வார்ப்பின் சூடு கிளட்சுக்கு ஆகுமா என்று கேட்டார். அடுத்த வாரம், பைப் மழையில் துருப்பிடிக்குமா என்று கேட்டார். பிரபாகரன் கையைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்வான். அவன் மனைவி மலிகா டீ கொண்டுவந்து கொடுப்பாள். மூன்று மணி பஸ்ஸில் திரும்புவார். அதற்குப் பிறகு அடுத்த செவ்வாய்வரை, கடைக்காரரிடம் சாமான் பெயர் சொல்வதைத் தவிர அவர் வாய் திறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. மகள் போன் செய்தால், “சாப்பிட்டீகளாய்யா?” என்பாள். சாப்பிட்டேன் என்பார். அதோடு முடிந்துவிடும்.

அடுத்த கேள்வியை அவர் ஞாயிற்றுக்கிழமையே தேட ஆரம்பித்துவிடுவார்.

எட்டாவது செவ்வாயன்று டீயை நீட்டிய மலிகா சாதாரணமாகத்தான் கேட்டாள். “வண்டி ரெடியானா எங்கனண்ணே ஓட்டப் போறீக?”

டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார் வேல்ராஜ். ஏற்ற மூட்டை இல்லை. போக ஊர் இல்லை. அந்தக் கேள்விக்கு அவர் தயாராகி வரவில்லை. மலிகா மேற்கொண்டு கேட்காமல் உள்ளே போனாள்.

பிரபாகரன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். “அண்ணே, இன்னைக்கு முடிவு பண்ணிருவோம். என்னையக் கேட்டா வார்ப்பையே போடலாம். ஒருக்கா மாட்டினா திரும்பிப் பாக்க வேண்டியதில்ல.”

“பைப்பு?”

“அது ஆட்டத்துல விரிசல் விடும். அடிக்கடி கொண்டாந்து வெல்டிங் வைக்கணும்.”

“அடிக்கடின்னா?”

“ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா வரவேண்டியிருக்கும்.”

வேல்ராஜ் டீயைக் குடித்து முடித்தார். “பைப்பையே போடு,” என்றார்.

பிரபாகரன் அவரை ஒரு கணம் பார்த்தான். சரி என்று தலையாட்டினான்.

பத்து நாளில் வேலை முடிந்தது. லாரியை அவரே ஓட்டிக்கொண்டு ஊர் வந்தார். அதன்பின் தினமும் பானெட்டைத் திறந்து, ஆறு குழாய்களும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். விரிசல் இல்லை. வேண்டுமென்றே காட்டுப் பாதையில், கருவேலங்காட்டுப் பள்ளங்களில் ஏற்றி இறக்கினார். இரண்டு மாதம் போயிற்று, நான்கு மாதம் போயிற்று. பிரபாகரன் வைத்த வெல்டிங் அப்படியே இருந்தது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் லாரியை எடுத்துக்கொண்டு உச்சிப்புளிக்கே போனார். பிரபாகரன் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“ஒண்ணுமில்லையேண்ணே. நல்லாத்தான இருக்கு.”

“தெரியும்,” என்றார் வேல்ராஜ். பிறகு, “சும்மாதான் வந்தேன்,” என்றார்.

பிரபாகரன் அங்கே நின்ற ஒரு வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினான். “அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுங்கண்ணே.”

எடுத்துக் கொடுத்தார். மதியம்வரை அவன் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் மலிகா. மீன்குழம்பு. ரொம்ப நாள் கழித்து எதிரே ஆள் உட்கார்ந்திருக்கச் சாப்பிட்டார்.

ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கொட்டகைக்குள் லாரியை நிறுத்தியவர் சாவியைத் திருப்பவில்லை. என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அணைத்தால் வீட்டுக்குள் போக வேண்டும்.