திரும்பி வந்த பதிவு

கல்யாணமான மூன்றாம் மாதமே கப்பல் பட்டறை வேலைக்குச் சிங்கப்பூர் வந்துவிட்டேன். படித்த பி.காம். வீணாகக் கூடாதென்று ஞாயிறுதோறும் ஃபேரர் பார்க்கில் கணக்கியல் வகுப்புக்குப் போனேன். கையால் பேரேடு எழுதிப் படித்தவன் நான். அங்கே எல்லாம் கணினியில்.

“ஆபீஸ்ல என்ட்ரி போடறவங்களே அப்ரூவ் பண்ண முடியாது லா. இங்கயும் ஆளுக்கொரு ஜோடி வேணும்” என்றார் ஆசிரியை. எனக்கு மட்டும் ஜோடி அமையவில்லை. “வீட்ல யாராச்சும்னாலும் ஓகே, ஆன்லைன்தானே.”

புதுக்கோட்டையில் இருக்கும் மனைவி கவிதாவைச் சேர்த்தேன். அவளும் பி.காம். முதல் பதிவையே திருப்பி அனுப்பினாள்: “பில் இணைக்கல. சாப்பிட்டீங்களா?”

தினமும் போனில் பேசுகிறவர்கள்தான் நாங்கள். ஆனால் சேர்ந்து ஒரு வேலை செய்தது அங்கேதான். அதன்பிறகு வேண்டுமென்றே பில்லை விட்டுவிட்டு அனுப்பினேன்.

கடைசி வகுப்பில் எல்லாவற்றையும் ஒழுங்காக இணைத்தேன். அதுவும் கவிதாவின் குறிப்போடு திரும்பி வந்தது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்ரூவ் பண்ணிட்டா வகுப்பு முடிஞ்சிரும்ல?”

“என்ன தப்பாம்?” என்று ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

“தப்பு ஒண்ணுமில்ல மேடம்” என்றேன். திருத்த எதுவுமில்லாத அந்தப் பதிவை மூடத்தான் மனம் வரவில்லை.