தட்டிவிட்டு ஊதியது யார்?

நம்புறவங்க நம்புங்க. நம்பாதவங்க நாகமலை புதுக்கோட்டைக்குப் போயி, ஹம்சவேணிகிட்ட "கதை விடாத"ன்னு சொல்லிப் பாருங்க. செவுளு பிஞ்சிரும். பட்டப்பகல்ல நடந்தது இது.

அங்கே ஒரு தனியார் ஆய்வுக்கூடம். பேரு வேண்டாம். ஹம்சவேணி அங்கே ஹீலியம் வாயுவை அளக்குறவ, வேலைக்குப் புதுசு. நியூட்ரான் எம்புட்டு நேரம் தாக்குப்பிடிக்குதுன்னு வெளிநாட்டுல ஒரு சோதனை. அதுக்குப் படுசுத்தமான ஹீலியம் வேணும். ஹீலியம்-3ன்னு ஒரு வகை இருக்கு. அது துளி கலந்திருந்தாலும் போச்சு, நியூட்ரானை முழுங்கிரும். அது எந்த விகிதத்துல கலந்திருக்குன்னு இவ மெஷின் சொல்லணும்.

அளந்தா, ஒவ்வொரு தடவையும் கன்னாபின்னான்னு வந்துச்சு. எங்கேயோ லீக். டைரக்டர் கிரிதரன் எல்லார் முன்னாடியும் கத்திட்டாரு.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல. உன் கைதான் சரியில்ல. இன்னைக்குச் சரியா வரலைன்னா நாளைக்கு வராத."

அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. இவ மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு மெஷின் முன்னாடி உட்கார்ந்தா. ஓரத்துல திரவ ஹீலியம் தொட்டி. ஏசி ஓடுனதால கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்துச்சு.

திரையில ஹீலியம் கோடு திடீர்னு ஏறுச்சு.

"நாசமாப் போக!"

டக்... டக்...

மெஷினுக்குப் பின்னாடி, ஸ்பேனரால குழாய் மூட்டைத் தட்டுற சத்தம்.

லீக் தேடுறவங்க வழக்கம் அது. ஒருத்தர் பின்னாடி நின்னு, மூட்டு மூட்டா ஹீலியத்தை ஊதிப் பார்ப்பாரு. ஊதுறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு. "இந்த எடத்துக்கு வந்துட்டேன், பார்த்துக்கோ"ன்னு அர்த்தம். கோடு ஏறுனா லீக் அங்கேதான்.

அளக்கும்போது எந்த மடையன் ஊதுறான்? கூட வேலை பார்க்குற அழகுராஜாதான்னு நெனச்சா. போனைப் போட்டா.

"எங்கடா இருக்க?"

"கல்யாணத்துலேர்ந்து அப்படியே கப்பலூர் லேத் பட்டறைக்கு வந்துட்டேன். யாரு பேசுறது?"

"ஹம்சவேணிடா!"

"உன் குரல் ஏன் கீச்சுன்னு சின்னப்புள்ள மாதிரி இருக்கு?"

டக்... டக்...

எழுந்து பின்னாடி போனா. ஆளில்ல. ஸ்பேனர் கொக்கியில தொங்குச்சு. லேசா ஆடிக்கிட்டு...

திரும்பித் திரையைப் பார்த்தா. கோடு ஏறல. இறங்கியிருந்துச்சு.

"யார்ரா நீ? என் பொழப்புக்கு உலை வைக்க வந்தியா?"

கீச்சுக் குரல். அவளோடதுதான்.

சத்தம் சுவத்துக்கு நகர்ந்துச்சு. ஆக்ஸிஜன் கொறைஞ்சா அலறுற அலாரப் பெட்டி அங்கே இருந்துச்சு. அது மேல...

டக். டக். டக். டக். டக்.

மூடியைப் பிடுங்குனா. உள்ளே வயரை வெட்டி விட்டிருந்தாங்க.

கால் துவண்டுச்சு. நகம் நீலம்.

தொட்டி கசிஞ்சு ரூம் பூரா ஹீலியம். அதை இழுத்துத்தான் குரல் கீச்சுன்னு ஆயிருக்கு.

தவழ்ந்தா.

கதவு...

வெளிய விழுந்தா.

சாயங்காலம் அழகுராஜா வந்து என்னாச்சுன்னு கேட்டான். தட்டுனதைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போச்சு.

"நல்லகாமண்ணே அப்படித்தான் தட்டுவாரு."

"யாரு அவரு?"

"உனக்கு முன்னாடி இந்த மெஷின்ல இருந்தவரு. அந்த ரூம்லதான் செத்துக் கிடந்தாரு. மாரடைப்புன்னு சொல்லிட்டாங்க. அலாரம் சும்மா கத்துதுன்னு டைரக்டர் வயரை வெட்டச் சொன்னது அதுக்கு முந்தின வாரம்."

அவளுக்குப் பயம் போச்சு. ஆத்திரம்தான் மிஞ்சுச்சு.

மறுநாள் மெஷின் பதிவை எடுத்துக்கிட்டு நேரா கிரிதரன் ரூமுக்குப் போனா. ரூம்ல நிறைஞ்சிருந்தது தொட்டி ஹீலியம். அதுல ஹீலியம்-3 கம்மி, வெளிக்காத்துல இருக்குற ஹீலியத்துல அது கூட. ஆனா தட்டுச் சத்தம் கேட்டு கோடு இறங்குன நேரத்துல மட்டும் விகிதம் மாறியிருந்துச்சு. அப்படியே வெளிக்காத்தோட விகிதம். மூச்சு முட்டுற அந்த ரூம்ல, நல்ல காத்தை யாரோ அந்த மூட்டுல ஊதியிருக்காங்க.

கிரிதரன் காகிதத்தைத் தள்ளிவிட்டாரு. "மெஷின் கோளாறு."

"மெஷினுக்கு ஒண்ணுமில்லன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

அவர் வாயைத் திறக்குறதுக்குள்ள, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னாடி கேட்டுச்சு.

டக்... டக்...