கார்டுல எழுபத்திரண்டு

எங்க தாத்தாவுக்கு எம்பத்திரண்டு வயசு. ஆதார்ல எழுபத்திரண்டு. மில்லுல சேரும்போது வயச கொறைச்சிப் போட்டா பத்து வருஷம் கூட ஓட்டலாம்னு எவனோ சொல்ல, இவரும் கொறைச்சிக்கினாரு. அதுவே கார்டு கார்டா தொத்திக்கினு வந்துடுச்சி. ஆதார்படி பாத்தா எங்க அத்தைய பெத்தப்ப இவருக்குப் பன்னெண்டு வயசு. ஒரு கல்யாணம் விடாம இத சொல்லிச் சிரிப்போம். சொந்தத்துக்கே தெரிஞ்ச கத. டாக்டருக்கு மட்டும் சொல்லல.

நல்லா இருந்த மனுசன்யா. டெய்லி காலைல கருவடிக்குப்பத்துலேந்து பீச்சுக்கு சைக்கிள்ல போயி டீ அடிச்சிட்டு வருவாரு. முத்தியால்பேட்டைல ஒரு லேப்ல புல் பாடி செக்கப் ஆஃபர்னாங்க. நாந்தான் இட்டுனு போனேன். வயசு கேட்ட எடத்துல கார்டப் பாத்து நானே எழுபத்திரண்டுன்னு போட்டேன்.

ரிப்போர்ட்ல பி.எஸ்.ஏ.ன்னு ஒண்ணு, தடிச்ச எழுத்துல. ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற ப்ராஸ்டேட்டுல கேன்சர் இருக்குமோன்னு பாக்குற ரத்த டெஸ்ட்டு. நாலுக்குள்ள இருக்கணுமாம், இவருக்கு ஏழு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்தாங்க.

டாக்டர் சீட்டப் பாத்தாரு. "எழுபத்திரண்டு தானே, ஒடம்பும் நல்லா இருக்கு. ஊசி போட்டு சதை எடுத்துப் பாத்துடலாம்."

"சார், நெஜ வயசு..."ன்னு ஆரம்பிச்சேன். கூட வந்த எங்கப்பா, நைனா, என் கால மிதிச்சாரு. வெளிய வந்ததும், "இன்சூரன்ஸ் கார்டுல ஒரு வயசு, சீட்டுல ஒரு வயசுன்னா தூக்கிக் கடாசிடுவான்டா. மூடிக்கினு இரு."

மூடிக்கினேன். டிகிரி முடிச்ச முண்டம்.

ஊசி போட்டு சதை எடுத்த மூணாம் நாள் தாத்தாவுக்குக் குளிர் ஜுரம். ஒண்ணுக்கே வரல. பத்து நாள் வார்டு, மூத்திரம் போக டியூபு, அத புடிக்க ஒரு பை. ரிசல்ட்டு? துளியூண்டு கேன்சர், ரொம்ப மெதுவா வளர்ற ரகம், இவர ஒண்ணும் பண்ணாதாம்.

தாத்தாவுக்கே பொறுக்கல. "எம்பத்திரண்டு வயசுல எனக்கு இது தேவையா சார்?"

டாக்டர் பேனாவ கீழ வெச்சிட்டாரு. "எம்பத்திரண்டா? வயசு ஏறினா இந்த நம்பரும் ஏறும்ங்க. இந்த வயசுல தொந்தரவு இல்லாதவங்களுக்கு இந்த டெஸ்ட்டே எடுக்கச் சொல்ல மாட்டோம். எடுத்தே இருந்தாலும் ஊசி போட்டிருக்க மாட்டேன். ஏன் சொல்லல?"

எனக்கு வந்த காண்டு! தொந்தரவு ஏதாவது இருக்கான்னு கூட கேக்காம ரத்தம் உறிஞ்சின லேப் மேல, கால மிதிச்ச ஆள் மேல, எல்லாத்துக்கும் மேல என் மேல.

போன வாரம் மறுபடி போனோம். எப்ப சைக்கிள் ஓட்டலாம்னு கேக்கணும், தாத்தாவுக்கு அது ஒண்ணுதான். கவுண்டர்ல ஒரு அக்கா, "வயசு?"

"எம்பத்திரண்டு."

"கார்டுல எழுபத்திரண்டுன்னு இருக்கே தம்பி?"

"கார்டுல இருக்கறதையே போட்டுக்கோம்மா"ன்றாரு நைனா. இன்னமும்!

டியூபுல தொங்குன பைய கைல புடிச்சிக்கினு தாத்தா திரும்பினாரு. "கார்டுக்காடா ஜுரம் வந்துது?"

க்யூவே திரும்பிப் பாத்துது. கம்ப்யூட்டர்ல மாத்த முடியாதாம், எழுபத்திரண்டுன்னே பிரிண்ட் வந்துது. அந்தக்கா பேனாவயே புடுங்கி அத அடிச்சிட்டு, மேல பெருசா 82ன்னு எழுதினேன். சீட்டு கொஞ்சம் கிழிஞ்சிடுச்சி. கிழியட்டும். நைனா கால் இந்த தடவ அசையல.