'எழுதிக்கோ' அத்தான்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மூடிய கதவில் காதை வைத்துக் கேட்டே, மேலே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அது தொழில். தொழிலைத் தாண்டி அவர் அடித்துச் சொல்வதெல்லாம் தப்பு. சும்மா தப்பில்லை, சுத்தமான தப்பு.

எங்கள் குடியிருப்பின் பொது அறையில் மாதக் கடைசி ஞாயிறு மாலை வினாடி வினா நடக்கும். மடக்கு நாற்காலிகள், கொரகொரக்கும் மைக், மேசைக்கு நாலு பேர். எங்கள் மேசையில் அத்தான், அக்கா, கீழ்த்தளத்து பேக்கரிக்காரர், நான். மருந்துக்கடையில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கிறவள் என்பதால் விடைத்தாள் எப்போதும் என் கையில்தான்.

கேள்வி முடியும் முன்பே அத்தான் மேசையைத் தட்டுவார். "எழுதிக்கோ மச்சினி!" அறையே திரும்பிப் பார்க்கும். பிறகு அதுவே அவருக்குப் பட்டப்பெயர் ஆனது. ஒரு நாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, 'இருக்கலாம்'னு கொஞ்சம் மெதுவா சொன்னா என்ன?"

"லிஃப்டைச் சரி பண்ணிட்டு 'ஓடலாம்'னு சொன்னா எவனாவது ஏறுவானா?"

அக்கா பதிலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கேள்விக்கு நாலு விடை கொடுப்பார்கள். அத்தான் சொன்னதை முதலில் அடித்துவிட வேண்டியது. மிச்சம் மூன்றில் யோசிக்க வேண்டியது. அக்கா கண்ணைக் காட்டுவாள், நான் கையால் தாளை மறைத்துக்கொண்டு அடிப்பேன். பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான் மறைக்கிறேன் என்று அத்தானிடம் சொல்லி வைத்திருந்தோம்.

கடைசியில் கிடந்த எங்கள் மேசை மளமளவென்று மேலே ஏறியது. சரியான விடையை வாசிக்கும்போதெல்லாம் அத்தான், "பார்த்தியா, அதைத்தானே சொன்னேன்!" என்பார். "ஆமா அத்தான்" என்போம். மனிதர் வெகுளி. என்றைக்காவது இது தெரிந்தால் நொறுங்கிப்போவார். கோப்பை கிடைக்காவிட்டால் போகிறது, அவர் முகம் வாடிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வருடக் கடைசிப் போட்டியில் நாங்களும் வங்கிக்காரர்கள் மேசையும் சமமாக வந்து நின்றோம். அப்படி வந்தால் மேசைக்கு ஒருவர் முன்னால் போய் ஒரே ஒரு கேள்விக்கு, கொடுக்கும் இரண்டு விடையில் ஒன்றை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். யார் போவது என்பதை எதிர் மேசைதான் முடிவு செய்யும். வருடம் முழுக்க அத்தானின் குரலைக் கேட்டவர்கள் சும்மா விடுவார்களா? "எழுதிக்கோ வரட்டும்!" என்று கைதட்டினார்கள். பேக்கரிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அத்தான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். மைக் பிடித்திருந்தவர் கேட்டார்: "பனிக்கரடியோட ரோமத்துக்கு அடியில இருக்கிற தோல் என்ன நிறம்? வெள்ளையா, கருப்பா?"

அத்தானின் வாய் திறந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, எங்கள் மேசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடிக்கொண்டார். சத்தமே இல்லாமல் எழுதி அட்டையைத் திருப்பினார். வெள்ளை.

வங்கிக்காரர் கருப்பு என்று எழுதியிருந்தார். கோப்பை அந்த மேசைக்குப் போனது.

"மனசுல கருப்புன்னுதான் இருந்துச்சு" என்றபடி வந்து உட்கார்ந்தார் அத்தான். "வெயிலைப் பிடிச்சு வெச்சுக்கணும்ல? கருப்பாத்தான் இருக்கும்."

"அப்புறம் ஏண்ணே வெள்ளைன்னு எழுதுனீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

"நான் நினைக்கிறதை அடிச்சாத்தானே நாம ஜெயிப்போம்?"

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். கடைசியில் அக்காதான், "எப்போலேருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"ஆரம்பத்துலேருந்தே. மச்சினியோட மூக்குக்கண்ணாடியில அவ அடிக்கிறது அப்படியே தெரியுதே."

"தெரிஞ்சுமா இப்படிக் கத்துனீங்க?"

"நான் வாயை மூடிட்டா நீங்க எதை அடிப்பீங்க?" என்றார். துளி வருத்தம் இல்லை. போதாக்குறைக்கு, மனதில் நினைத்தது சரியாக இருந்ததில் தலைகால் புரியாத சந்தோஷம் வேறு. நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போது போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "கருப்புன்னுதான் நினைச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை ஜெயிக்க வைக்கத்தான் அந்த மனிதர் மாதாமாதம் ஊர் சிரிக்கக் கத்தியிருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த மாதம் முதல் கேள்வி. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? அத்தான் மேசையைத் தட்டினார். "எழுதிக்கோ மச்சினி, எட்டு!"

மூன்று என்று எனக்குத் தெரியும். அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணைக் காட்டவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளி, "அவர்தான் சொல்றார்ல, எழுது" என்றாள். கையால் மறைக்காமல், எட்டு என்று பெரிதாக எழுதினேன்.