முதல் பக்கம் இல்லாத போட்டோஸ்டேட்

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் போட்டோஸ்டேட் கடைக்கு ஓர் அக்கா வருவார். ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை. மெஷினிலிருந்து சூடாக வரும் தாள்களைக் கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்துக்கொள்வார்.

என் தங்கச்சி ரத்தப் புற்றுநோயில் போய் ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அன்று அவர் கொடுத்த தாளில் ஏதோ செல் படம் இருந்தது.

"இது என்னாக்கா?"

"உடம்பு எடுக்குற போட்டோஸ்டேட்தான் தம்பி. செல்லு ரெண்டாகறதுக்கு முன்னாடி டிஎன்ஏ முழுக்க காப்பி ஆவணும்."

"மொத பக்கத்துலருந்தா?"

"இல்லலா. ஆயிரக்கணக்கான இடத்துல ஆரம்பிக்கும். ஒவ்வொரு செல்லுலயும் வேற வேற இடம். அதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

"காப்பி தப்பாப் போனா கேன்சர் வருமா?"

"வரலாம்."

"தங்கச்சிய தெலுக் பங்லிமா காராங்குல ஃபேக்டரி ஓரமா ரூம் எடுத்து நான்தான் தங்க வச்சிருந்தேன்க்கா. செத்துப்போச்சு. அந்தப் புகையில ஆரம்பிச்சதா?"

அவர் கன்னத்திலிருந்த தாளை இறக்கினார்.

"எங்க ஆரம்பிச்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது தம்பி."

உன் தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். போகும்போது ஒரு சூடான தாளை என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஆறிவிட்டது.